பெட்ரோல் வரிசைகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவின் பத்தாண்டு விலைக் கட்டுப்பாடு: ஒரு நிகழ்வு ஆய்வு

1970களின் அமெரிக்கா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெட்ரோல் பங்க் வாசலில் தொடங்கித் தெருமுனை தாண்டி நிற்கும் கார் வரிசை. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, அதனால் வரிசை வந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெய் குறைந்தது நிஜம். விலை ஏறியாக வேண்டிய நிலை வந்ததும் நிஜம். ஆனால் எண்ணெய் குறைந்த எல்லா நாடுகளிலும் மக்கள் விடியற்காலையில் எழுந்து பங்க் வாசலில் காத்துக் கிடக்கவில்லை. அமெரிக்காவில் அப்படிக் காக்க வைத்தவை வாஷிங்டனில் எழுதப்பட்ட விதிகள். அந்த எண்ணெய்த் தடைக்குக் காரணமான 1973 அரபு–இஸ்ரேல் போருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவை தொடங்கின. போர் முடிந்து ஏழு ஆண்டுகள் வரை நீடித்தன.

விலைக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு ஆதரிப்பதில்லை. ஏழை மக்கள் பாதிக்கப்படக் கூடாது, எண்ணெய் கம்பெனிகள் கொள்ளை லாபம் அடிக்கக் கூடாது என்ற நியாயமான கவலையிலிருந்துதான் அது பிறக்கிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆகவேதான் அந்த விதிகள் கடைசியில் யாரைப் பாதித்தன என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு

1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு. அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, நாடு முழுக்க விலைகளையும் சம்பளங்களையும் 90 நாட்களுக்கு அப்படியே நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். டாலருக்குத் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்தியதும் அதே உரையில்தான். இந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது 1970ல் நாடாளுமன்றம் இயற்றிய பொருளாதார நிலைப்படுத்தல் சட்டம்.

நிக்சனுக்கு விலைக் கட்டுப்பாடு புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இளம் வழக்கறிஞராக விலை நிர்வாக அலுவலகத்தில் டயர் ரேஷன் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அந்த அனுபவத்தால் கட்டுப்பாடுகளை வெறுத்ததாகவே சொல்லி வந்தார். ஆனால் அடுத்த ஆண்டு தேர்தல். பணவீக்கம் மக்களை எரிச்சலூட்டிக்கொண்டிருந்தது. அறிவிப்புக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது, 1972 நவம்பரில் பெரும் வெற்றியும் பெற்றார். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் அந்த ஆகஸ்டிலேயே இதைத் தவறு என்று எழுதினார். அடக்கி வைத்த பணவீக்கம் பிறகு வெளியே வந்தே தீரும் என்பது அவர் வாதம். 1974ல் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தொட்டது.

90 நாட்கள் முடிந்ததும் கட்டுப்பாடு போய்விடவில்லை. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று தொடர்ந்தது. 1973 ஜூனில் மறுபடியும் ஒரு முடக்கம் வந்தது. கோழிக்கறி விலை நின்றுவிட்டது, தீவன விலை நிற்கவில்லை. கோழியை வளர்த்தால் நஷ்டம் என்ற நிலையில் பண்ணைக்காரர்கள் பல்லாயிரம் குஞ்சுகளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

போருக்கு முன்பே வந்த தட்டுப்பாடு

எண்ணெய்த் தடை வருவதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே, அதாவது 1972–73ல், அமெரிக்காவின் பல பகுதிகளில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரிப்பு ஆலை பெட்ரோலும் எடுக்கலாம், வெப்ப எண்ணெயும் எடுக்கலாம். எதை எவ்வளவு எடுப்பது என்பதை ஓரளவு மாற்றிக்கொள்ளவும் முடியும். கோடையில் மக்கள் கார்களில் ஊர் சுற்றுவதால் பெட்ரோல் விலை உயர்ந்து நிற்கும், வெப்ப எண்ணெய் விலை தாழ்ந்திருக்கும். குளிர்காலம் நெருங்கும்போது இது தலைகீழாகும். ஆலைகளும் அதற்கேற்ப உற்பத்தியை மாற்றும். எந்த அதிகாரியும் உத்தரவு போடாமல் ஆண்டுதோறும் நடந்து வந்த காரியம் இது.

முடக்கம் வந்ததோ ஆகஸ்ட் நடுவில். பெட்ரோல் அதன் உச்ச விலையிலும், வெப்ப எண்ணெய் அதன் அடிமட்ட விலையிலும் உறைந்துபோயின. பெட்ரோல் எடுத்தால் லாபம், வெப்ப எண்ணெய் எடுத்தால் இல்லை என்ற நிலை குளிர்காலம் வந்த பிறகும் மாறவில்லை. வெப்ப எண்ணெயின் கையிருப்பு சுருங்கியது. உறைய வைத்தவர்கள் இதைத் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை. ஆகஸ்ட் மாத விலைப் பட்டியலுக்குள் இப்படி ஒரு பருவக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஒரு விலை தொட்டுக்கொண்டு நிற்கும் விஷயங்கள் எத்தனை என்பது மேஜையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1959 முதல் 1973 ஏப்ரல் வரை வெளிநாட்டு எண்ணெய் இறக்குமதிக்கு அமெரிக்க அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. உள்நாட்டு எண்ணெய் உற்பத்தியாளர்களைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு அது. தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்கள் பெரிய கம்பெனிகளின் கட்சி என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உற்பத்தியாளருக்காக வாங்குபவரின் வழியை அடைக்கும் இந்த இறக்குமதி வரம்பும் விலை உச்சவரம்பைப் போலவே தவறான கொள்கைதான். 1970ல் உள்நாட்டு உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும் அது மூன்று ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போனது.

அக்டோபர் 1973

அக்டோபர் 6ல் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. அதே மாதத்தில் அரபு எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, அமெரிக்காவுக்கு ஏற்றுமதியையும் தடை செய்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய்க்கு 1974 ஜனவரியில் 11.65 டாலர் என்று விலை குறிக்கப்பட்டது. மார்ச்சில் தடை விலகியது.

அடி பெரிய அடிதான். ஆனால் முழு 1974ஆம் ஆண்டில் அமெரிக்கா பயன்படுத்திய எண்ணெய், முந்தைய ஆண்டைவிடச் சுமார் 4 சதவீதம்தான் குறைவு. குளிர்கால மாதங்களில் குறைவு இதைவிட அதிகமாக இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவு நீளமான வரிசைக்கு இது போதுமான காரணமல்ல. மேற்கு ஜெர்மனி பெட்ரோல் விலையை ஏற விட்டது. அங்கும் அரசு சும்மா இருக்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. ஆனால் விலை திறந்திருந்ததால் எண்ணெய் அந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவில் கண்ட வரிசைகள் அங்கே வரவில்லை.

ஒதுக்கீடு என்னும் அடுத்த படி

விலையை ஏற விடாவிட்டால், இருக்கும் பெட்ரோல் யாருக்குப் போக வேண்டும் என்பதை வேறு யாராவது முடிவு செய்ய வேண்டும். 1973 நவம்பர் இறுதியில் வந்த அவசர எண்ணெய் ஒதுக்கீட்டுச் சட்டம் அந்த வேலையை அரசிடம் கொடுத்தது. வில்லியம் சைமன் தலைமையில் புதிய எரிசக்தி அலுவலகம் ஒன்று உருவானது.

அவர்கள் கையில் எடுத்த அளவுகோல் 1972. அந்த ஆண்டில் ஒரு பங்க் எந்த மாதத்தில் எவ்வளவு வாங்கியதோ, அதில் ஒரு விகிதம் இப்போது கிடைக்கும். எல்லோருக்கும் சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் 1972ல் மக்கள் எங்கெல்லாம் ஓட்டினார்களோ அங்கெல்லாம் 1974ல் ஓட்டவில்லை. வழியில் பெட்ரோல் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் சுற்றுலாவையும் நெடுந்தூரப் பயணத்தையும் விட்டுவிட்டு வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் போய் வந்தார்கள். நெடுஞ்சாலையோரத்திலும் சுற்றுலாத் தலங்களிலும் இருந்த பங்குகளில் பெட்ரோல் தேங்கி நின்றது. பெருநகரங்களிலும் புறநகர்களிலும் காலையிலேயே தீர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய குடியிருப்புகள் எழும்பிய பகுதிகளுக்கு இன்னும் மோசம்.

சாதாரண நாட்களில் இந்தப் பிரச்சினை சில நாட்களில் தானாகத் தீர்ந்திருக்கும். நகரத்தில் விலை ஓரிரு சென்ட் ஏறும், லாரிகள் அந்தப் பக்கம் திரும்பும். இப்போது லாரியைத் திருப்ப வாஷிங்டனுக்கு மனு போட வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் அதன் பழைய கொள்முதல் கணக்கை வைத்துத் தனித்தனி உச்ச விலை வேறு. மனுக்கள் குவிந்தன. அதிகாரிகள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இரவு பகலாக உழைத்திருப்பார்கள். நாடெங்கும் உள்ள பங்குகளில் இன்று காலை எங்கே எவ்வளவு தேவை என்பதை எந்த அலுவலகமும் அறிய முடியாது. அந்தச் செய்தியைச் சுமந்து வந்தது விலைதான், அதன் வாயைத்தான் அடைத்துவிட்டார்களே!

அதன் பின் விதிமேல் விதி வந்தது. ஓரிகன் மாநிலத்தில் ஆளுநர் டாம் மெக்கால் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறையைக் கொண்டுவந்தார்: நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்ரோல். பங்குகளில் பச்சைக் கொடி இருந்தால் எல்லோருக்கும் உண்டு, சிவப்பு என்றால் தீர்ந்துவிட்டது. நெடுஞ்சாலை வேகம் நாடு முழுக்க மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. ரேஷன் கூப்பன்கள்கூட அச்சாகின, கோடிக்கணக்கில். அவை கடைசிவரை பயன்படவில்லை.

அப்புறம் மக்கள் நடத்தை. நாளைக்குக் கிடைக்குமா என்று தெரியாதபோது, டாங்கில் பாதி இருக்கும்போதே வரிசையில் நிற்பதுதான் புத்திசாலித்தனம். எல்லோரும் அப்படிச் செய்ததால் பங்கின் நிலத்தடித் தொட்டியில் இருக்க வேண்டிய பெட்ரோல் லட்சக்கணக்கான கார் டாங்குகளுக்கு இடம் மாறியது. வரிசையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததில் எரிந்தது தனிக் கணக்கு. பெட்ரோல் திருட்டுப் பயத்தில் பூட்டு வைத்த டாங்க் மூடிகள் விற்றன. பதுக்கல்காரர்கள் என்று யாரையும் சுட்டத் தேவையில்லை. மறுநாளும் பெட்ரோல் இருக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டால் ஒவ்வொரு குடும்பமும் கொஞ்சம் பதுக்கத்தான் செய்யும்.

பழைய எண்ணெய், புதிய எண்ணெய்

1974 ஏப்ரலில் மற்ற விலைக் கட்டுப்பாடுகள் காலாவதியாகின. எண்ணெய் மீதானது மட்டும் நீடித்தது. அதன் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிக்கலாயின.

ஏற்கெனவே உள்ள எண்ணெய் வயல்களில் 1972 அளவுவரை எடுக்கும் எண்ணெய் ‘பழையது’. அதற்குப் பீப்பாய் 5.25 டாலர்தான். அதற்கு மேல் எடுப்பது ‘புதியது’. அதைச் சந்தை விலைக்கு விற்கலாம். இரண்டும் ஒரே எண்ணெய், ஒரே நிறம், சில இடங்களில் ஒரே வயல். காகிதத்தில்தான் வேறுபாடு. காகிதத்தை மாற்றினால் பீப்பாய்க்குப் பல டாலர் கிடைக்கும் என்றால், காகிதத்தை மாற்றுவதே தொழிலாகக் கொண்ட ஆட்கள் வருவார்கள், வந்தார்கள். கைமாற்றிக் கைமாற்றிப் பழைய எண்ணெயைப் புதிய எண்ணெயாக்கி விற்ற மோசடிகள் பின்னர் நீதிமன்றங்களுக்குப் போயின.

மலிவான பழைய எண்ணெய் சில ஆலைகளுக்கு மட்டும் கிடைப்பது அநியாயம் என்று 1974 நவம்பரில் இன்னொரு திட்டம் வந்தது. உள்நாட்டு மலிவு எண்ணெயைப் பயன்படுத்தும் ஆலை, இறக்குமதி எண்ணெயைப் பயன்படுத்தும் ஆலைக்குப் பணம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் நிதானித்து இதன் விளைவைப் பாருங்கள். உள்நாட்டில் எண்ணெய் எடுப்பவருக்கு விலை குறைப்பு, வெளிநாட்டு எண்ணெய் வாங்குபவருக்கு மானியம். அந்நிய எண்ணெயை நம்பியிருப்பதே நாட்டின் பெரும் ஆபத்து என்று எல்லா அரசியல்வாதிகளும் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. சின்ன ஆலைகளுக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. அதற்காகவே குட்டிக் குட்டி ஆலைகள் முளைத்தன. 1981ல் நாட்டில் சுத்திகரிப்பு ஆலைகள் 300க்கும் மேல். கட்டுப்பாடு போன சில ஆண்டுகளில் அவற்றில் சுமார் நூறு மூடப்பட்டன.

1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை நீட்டித்தது. கார் கம்பெனிகள் எரிபொருள் சிக்கனமான கார்களைச் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பெட்ரோலை மலிவாக வைத்து நிறைய ஓட்டச் சொல்வது ஒரு கை, குறைவாகக் குடிக்கும் காரை வாங்க வைப்பது மறு கை. இரண்டும் ஒரே சட்டத்தில்.

விலையைக் கொடுத்தவர்கள் யார்?

கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஏழைகள் பற்றியது. விலை ஏறினால் பணக்காரர் வாங்கிவிடுவார், ஏழை நடந்து போக வேண்டியதுதான். வரிசையில் எல்லோரும் சமம் என்கிறார்கள்.

வரிசையில் எல்லோரும் சமமா என்பதைச் சோதித்துப் பார்க்க 1980ல் கலிஃபோர்னியாவில் ஒரு வாய்ப்பு அமைந்தது. விதிகளின் விளைவாக ஒரு பெரிய நிறுவனத்தின் பெட்ரோல் பங்குகள் மட்டும் அக்கம்பக்கத்துப் பங்குகளைவிடக் குறைந்த விலைக்கு விற்க வேண்டியிருந்தது. மலிவான பங்கில் வரிசை, சற்று விலை கூடிய பங்கில் வரிசை இல்லை. வாடிக்கையாளர் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ராபர்ட் டீக்கன், ஜான் சான்ஸ்டெலி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரு பக்கமும் போய் விசாரித்து, 1985ல் முடிவை வெளியிட்டார்கள். மக்கள் தங்கள் நேரத்துக்கு வைத்த மதிப்பு, பெரும்பாலும் அவர்கள் சம்பாதிக்கும் கூலியை ஒட்டியே இருந்தது. மலிவுப் பங்கில் நின்றவர்களில் மாணவர்களும் பகுதிநேர வேலைக்காரர்களும் அதிகம், முழுநேர வேலையில் இருப்பவர்கள் குறைவு.

அதாவது நேரம் இருப்பவருக்கு வரிசை லாபம்தான். அதை மறுக்க மாட்டேன். ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் உண்மையிலேயே சில டாலர் மிச்சப்படுத்தியிருப்பார். ஆனால் இரண்டு வேலை பார்க்கும் தாய், மணிக்கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளி, தன் வண்டியை ஓட்டியே பிழைக்கும் லாரிக்காரர் போன்றவர்களிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பணக்காரரோ ஆள் அனுப்பி நிற்க வைக்கலாம். இதில் எனக்குப் பொறுக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அதிக விலை கொடுத்தால் அந்தப் பணம் யாரோ ஒருவர் கைக்காவது போகும். இன்னொரு கிணறு தோண்டவோ, வரியாக வந்து ஏழைக்கு உதவவோ பயன்படும். வரிசையில் கொடுத்த இரண்டு மணி நேரம் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கொடுத்தவர் இழந்தார், பெற்றவர் ஒருவருமில்லை.

ஏழைக்கு உதவ வேண்டும் என்றால் ஏழையின் கையில் பணம் கொடுப்பதே நேர் வழி. அதை அவர் பெட்ரோலுக்கும் செலவிடலாம், பஸ்ஸில் போய்விட்டுக் குழந்தைக்குச் செருப்பும் வாங்கலாம். பெட்ரோலின் விலையைக் குறைத்து வைப்பது மூன்று கார் வைத்திருப்பவருக்குத்தான் அதிகம் கொடுக்கிறது.

1979, மறுபடியும்

ஈரான் புரட்சியில் அந்நாட்டின் எண்ணெய் ஏற்றுமதி நின்றது. 1979 மே மாதம் கலிஃபோர்னியாவிலும், ஜூனில் கிழக்குக் கடற்கரையிலும் வரிசைகள் திரும்பின. ஒற்றைப்படை, இரட்டைப்படையும் திரும்பியது. பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் லாரி ஓட்டுநர்களின் போராட்டம் ஜூன் 23, 24 இரவுகளில் கலவரமாக மாறி, கார்களும் டயர்களும் கொளுத்தப்பட்டன.

ஆறு ஆண்டுகளில் அதிகாரிகளுக்கு அனுபவம் கூடியிருந்தது. 1977 முதல் தனி எரிசக்தி அமைச்சகமே இருந்தது. இருந்தும் முடிவு ஒன்றுதான். ஆளை மாற்றினால் சரியாகிவிடும் பிரச்சினை அல்ல இது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு இருந்தும், 1979 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மீதான கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கும் திட்டத்தை அறிவித்தார். 1981 செப்டம்பர் இறுதியில் முழுதாக நீங்க வேண்டும். கூடவே எண்ணெய் கம்பெனிகள் மீது திடீர் லாப வரி ஒன்றும் 1980ல் வந்தது.

கட்டுப்பாடு போன பிறகு

பதவியேற்ற எட்டாம் நாள், 1981 ஜனவரி 28ல், ரொனால்ட் ரீகன் எஞ்சியிருந்த எண்ணெய்க் கட்டுப்பாடுகளை ஒரே உத்தரவில் நீக்கினார். விலை எங்கேயோ போய்விடும் என்று பயந்தவர்கள் பலர். சில வாரங்கள் ஏறவும் செய்தது. சாதாரண பெட்ரோல் கேலனுக்கு 1981ல் சராசரியாக 1.31 டாலர், 1982ல் 1.22, 1986ல் 86 சென்ட் அளவு. இந்த இறக்கத்துக்கு முழுப் பெருமையையும் ரீகன் உத்தரவுக்குக் கொடுப்பது சரியல்ல. உலகப் பொருளாதார மந்தம், வடகடல், அலாஸ்கா, மெக்சிகோ எண்ணெய், மக்கள் பழகிக்கொண்ட சிக்கனம் எல்லாம் சேர்ந்து நடந்தது அது. ஆனால் அந்த எண்ணெயைத் தேடவும் அந்தச் சிக்கனத்தைப் பழகவும் மக்களைத் தள்ளியதும் ஏறிய உலக விலைதான்.

விலை இறங்கியதைவிட வலுவான சான்று 1990ல் கிடைத்தது. ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. இரு நாடுகளின் ஏற்றுமதியும் சந்தையிலிருந்து மறைந்தது. இழப்பு ஈரான் புரட்சியின்போது நேர்ந்ததற்குச் சற்றும் குறையாதது. பீப்பாய் விலை இரண்டு மாதங்களில் ஏறக்குறைய இரு மடங்காகி 40 டாலரை எட்டியது. இந்த முறை உச்ச விலை இல்லை, ஒதுக்கீடும் இல்லை. 1991 ஜனவரியில் அரசு தன் அவசர இருப்பிலிருந்து எண்ணெய் விடுவித்தது, அதற்குள் விலை இறங்கவும் தொடங்கிவிட்டது. அமெரிக்கர்கள் அந்தக் குளிர்காலத்தில் பெட்ரோலுக்கு அதிகம் கொடுத்தார்கள், அதைப் பற்றி முணுமுணுக்கவும் செய்தார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்து நாள் எண்ண வேண்டிய நிலை யாருக்கும் வரவில்லை.